கடிகார வேகத்தைக் கூட்டினால் கணினி வேகமாகுமா?

மாணவர்களே, கணினி வன்பொருள் அலகைக் கற்கும்போது, "கடிகார வேகம் கூடினால் முறைவழியாக்கியின் வேகமும் கூடும்" என்று ஒரே வரியில் மனனஞ் செய்துவிடுகிறோம். பல்தேர்வு வினாவுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் வீட்டிற் கணினி வைத்திருக்கும் சிலர் அவ்வரியை அப்படியே நம்பி, தமது கணினியின் கடிகார வேகத்தைத் தாமே கூட்ட முனைகின்றனர். உற்பத்தியாளர் குறிப்பிட்ட வேகத்திலும் கூடிய வேகத்தில் முறைவழியாக்கியையோ நினைவகத்தையோ இயங்கச் செய்தல் மிகைவேக இயக்கம் எனப்படும். கணினிக் கடைகளில் இதனை 'ஓவர்குளொக்கிங்' என்பார்கள்.

இது எவ்வாறு சாத்தியமாகின்றது? இதனால் உண்மையிற் கிடைக்கும் நன்மை எவ்வளவு? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இம்மூன்று வினாக்களுக்கும் ஒழுங்காக விடை காண்போம். பாடத்தில் வரும் கடிகார வேகம், நினைவகம், வலு ஆகிய எண்ணக்கருக்களும் இதனூடாகத் தெளிவாகும்.

1. கடிகாரத் துடிப்பு

முறைவழியாக்கியின் உள்ளே கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் சிறு ஆளிகளாகத் தொழிற்படுகின்றன. இவை அனைத்தும் ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். அத்தாளத்தை வழங்குவதே கடிகாரத் துடிப்பு ஆகும். ஒரு செக்கனில் நிகழும் துடிப்புகளின் எண்ணிக்கை கடிகார வேகம் ஆகும்.

உ+ம்: 3 கிகாஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனுக்கு 300 கோடி துடிப்புகளாகும். எனவே இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 0.33 நனோசெக்கன். அந்நேரத்தில் ஒளிகூட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தூரமே செல்லும்.

வகுப்பில் நடக்கும் சொல்வதெழுதலை நினைத்துக் கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்கிறார். மாணவர் எழுதி முடிக்கின்றனர். அடுத்த சொல் வருகிறது. ஆசிரியர் வேகத்தைக் கூட்டினால் குறைந்த நேரத்திற் கூடிய சொற்களை எழுதலாம். ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால், மெதுவாக எழுதும் மாணவன் முன்னைய சொல்லை முடிக்குமுன்பே அடுத்த சொல் வந்துவிடும். அவன் எழுத்துகளை விடுவான், அல்லது பிழையாக எழுதுவான். ஆசிரியரோ நிற்கமாட்டார். பந்தி முழுவதும் எழுதப்பட்டுவிடும். ஆனால் அதிற் பிழைகள் இருக்கும்.

முறைவழியாக்கியிலும் இதுவே நடக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் மின் சைகைகள் தமது பாதையைக் கடந்து 0 அல்லது 1 என்ற நிலையை அடைந்து முடிக்க வேண்டும. அடுத்த துடிப்பு முந்திக்கொண்டால் 1 ஆக வேண்டியது 0 ஆகவே பதிவாகலாம். ஆகவே முறைவழியாக்கியின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிக மெதுவான பாதையாகும்.

2. பொறிக்கப்பட்ட வேகம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது?

ஒரே தொழிற்சாலையில், ஒரே சிலிக்கன் தகட்டில் ஆக்கப்படும் சில்லுகள்கூட முற்றிலும் ஒரே மாதிரி அமைவதில்லை. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். கூடிய வேகத்திற் பிழையின்றி இயங்குபவை உயர்ந்த விலைக்கும், ஏனையவை குறைந்த விலைக்கும் விற்கப்படும்.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க:

(அ) பாதுகாப்பு இடைவெளி: பொறிக்கப்படும் வேகம் சில்லின் உச்ச எல்லை அல்ல. வெப்பமான அறை, தூசி படிந்த விசிறி, ஏறியிறங்கும் மின்வழங்கல், பல ஆண்டுப் பாவனை ஆகியவற்றையும் தாங்கும் வகையில் ஓர் இடைவெளி விடப்படுகின்றது.

(ஆ) சந்தைக் கேள்வி: மலிவான சில்லுகளுக்குக் கேள்வி அதிகமாக இருக்கும்போது, கூடிய வேகத்துக்குத் தகுதியான சில்லுகளும் குறைந்த வேக எண்ணுடன் விற்கப்படுவதுண்டு.

மிகைவேக இயக்கம் என்பது இந்த இடைவெளியைச் செலவழித்தலாகும். இல்லாத ஒன்றை எவரும் புதிதாக உண்டாக்குவதில்லை. இவ்வாக்கியத்தை நன்கு மனதிற் கொள்க.

3. வரலாற்று உதாரணம்: செலரோன் 300ஏ

முறைவழியாக்கியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கமாக அமைந்தது. தாய்ப்பலகை வழங்கும் அடிப்படை மீடிறன் ஒன்று. முறைவழியாக்கியின் உள்ளே அமைந்த பெருக்கி மற்றையது.

முறைவழியாக்கியின் வேகம் = அடிப்படை மீடிறன் × பெருக்கி

இன்ரெல் நிறுவனம் 1998 ஆகத்து மாதத்தில் வெளியிட்ட மலிவான முறைவழியாக்கி செலரோன் 300ஏ ஆகும். அதன் அடிப்படை மீடிறன் ஏறத்தாழ 66 மெகாஹேர்ட்ஸ், பெருக்கி 4.5, எனவே வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். அடிப்படை மீடிறனை 100 மெகாஹேர்ட்ஸ் ஆக மாற்றியபோது அவற்றுட் பல 450 மெகாஹேர்ட்ஸில் இயங்கின. இது 50 சதவீத அதிகரிப்பாகும். அதே மாதத்தில் வெளிவந்த, பல மடங்கு விலை கூடிய பென்ரியம் 2 இன் வேகமும் 450 மெகாஹேர்ட்ஸ்தான். உலகெங்கும் மாணவரும் இளைஞரும் மிகைவேக இயக்கத்தின்பால் ஈர்க்கப்படுவதற்கு இது பெருங் காரணமாயிற்று.

ஆனால் இதே காலத்தின் மற்றொரு அனுபவமும் உண்டு. அக்காலத் தாய்ப்பலகைகளில் வன்தட்டு முதலிய சாதனங்களை இணைக்கும் பாட்டை 33 மெகாஹேர்ட்ஸில் இயங்க வேண்டும். அது அடிப்படை மீடிறனை வகுத்தே பெறப்பட்டது. 66 ஐ 2 ஆல் வகுத்தால் 33; 100 ஐ 3 ஆல் வகுத்தாலும் 33. ஆனால் இடைப்பட்ட 83 மெகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்து 2 ஆல் வகுத்தால் 41.5 வரும். இந்நிலையில் முறைவழியாக்கி நன்றாக இயங்கியபோதும் சில வன்தட்டுகளில் இருந்த தரவுகள் பழுதடைந்தன. ஓரிடத்திற் கூட்டிய வேகம் வேறோரிடத்திற் பிழையாக வெளிப்பட்டது.

அக்காலத்தில் உற்பத்தியாளர் பெருக்கியைப் பூட்டினர். வேகம் குறைந்த சில்லுகளில் உயர்ந்த வேக எண்ணைப் பொறித்துச் சில வணிகர் ஏமாற்றியமையும் இதற்கு ஒரு காரணமாகும். 2000 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன், டியூறோன் வகைகள் சிலவற்றில், சில்லின் மேற்பரப்பிலுள்ள சிறு இணைப்புப் புள்ளிகளைப் பென்சிலாற் கோடிட்டு இணைத்தே இப்பூட்டைத் திறந்தார்கள். பென்சிற் கூரிலுள்ள காரீயம் மின்னைக் கடத்தும் என்பது நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றதே.

4. கொடுக்கும் விலை: வெப்பம்

வேகத்தைக் கூட்டும்போது சைகைகள் நேரத்துக்குச் சென்று சேராவிடின், திரான்சிற்றர்கள் விரைவாக ஆளியிடும்படி வோல்ற்றளவைக் கூட்டுவார்கள். இங்குதான் செலவு ஏறுகின்றது. ஆளியிடுவதற்குச் செலவாகும் வலு பின்வருமாறு அமையும்:

வலு ∝ மீடிறன் × (வோல்ற்றளவு)²

உ+ம்: 3.0 கிகாஹேர்ட்ஸ், 1.20 வோல்ற்றில் இயங்கிய முறைவழியாக்கி 3.6 கிகாஹேர்ட்ஸ், 1.35 வோல்ற்றுக்கு மாற்றப்படுகின்றது எனக் கொள்வோம்.

மீடிறன் விகிதம் = 3.6 ÷ 3.0 = 1.2
வோல்ற்றளவு விகிதம் = 1.35 ÷ 1.20 = 1.125
வலு விகிதம் = 1.2 × 1.125 × 1.125 = ஏறத்தாழ 1.52

வேகம் கூடியது 20 சதவீதம்; வலு கூடியதோ 52 சதவீதம். முன்னர் 65 உவாற்று செலவாகியிருந்தால் இப்போது ஏறத்தாழ 99 உவாற்று செலவாகும். அது முழுவதும் வெப்பமாகவே வெளியேறும்.

அதே குளிராக்கி, அதே விசிறி இருப்பின், அறை வெப்பநிலைக்கு மேலான வெப்பநிலை உயர்ச்சியும் ஏறத்தாழ இதே விகிதத்திற் கூடும். அறை 30 பாகை செல்சியஸ், முறைவழியாக்கி 70 பாகை எனின் உயர்ச்சி 40 பாகை. அது 1.52 மடங்காகும்போது ஏறத்தாழ 61 பாகை; முறைவழியாக்கியின் வெப்பநிலை 91 பாகை ஆகிவிடும். குளிர் நாட்டில் 20 பாகை அறையில் இருப்பவர் அதே மாற்றத்தைச் செய்தால் 81 பாகையில் நிற்பார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பகல் வேளையில் 30 பாகை என்பது சாதாரணம். எனவே வெளிநாட்டவர் ஒருவர் பெற்ற பெறுபேற்றை அவ்வாறே நம் வீட்டில் எதிர்பார்க்க முடியாது.

இன்றைய முறைவழியாக்கிகள் பல ஏறத்தாழ 100 பாகையை அண்மித்ததும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது வேகத்தைக் கூட்டியவருக்குக் கிடைப்பது குறைந்த வேகமே. அத்துடன் கூடிய வோல்ற்றளவும் வெப்பமும் நெடுங்காலத்தில் சில்லின் உள்ளேயுள்ள நுண்ணிய உலோகக் கடத்திகளைத் தேய்வுறச் செய்து அதன் ஆயுளைக் குறைக்கும்.

இது பாவனையாளர் மட்டும் எதிர்நோக்கும் பிரச்சினையன்று. பென்ரியம் 4 முறைவழியாக்கியை 4 கிகாஹேர்ட்ஸில் வெளியிடும் திட்டத்தை இன்ரெல் நிறுவனமே 2004 இற் கைவிட்டது. 2005 முதல் வேகத்தை மட்டும் கூட்டுவதற்குப் பதிலாக ஒரே முறைவழியாக்கியில் இரண்டு கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. வினாத்தாள்களில் வரும் 'இருகரு', 'பல்கரு' முறைவழியாக்கிகள் பரவியமைக்கு இவ்வெப்பப் பிரச்சினை முக்கிய காரணமாகும்.

5. நினைவகத்தின் வேகம்

தற்போக்கு அணுகல் நினைவகத்தின் வேகத்தையும் இவ்வாறே கூட்டலாம். இங்கு இரண்டு அளவுகள் உள்ளன. மாணவர் பலர் ஒன்றை மட்டுமே பார்க்கின்றனர்.

(அ) ஒரு செக்கனில் எவ்வளவு தரவை அனுப்பலாம்?
(ஆ) கேட்ட தரவு வரத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

உ+ம்: டி.டி.ஆர்.4-3200 என்பதில் 3200 என்பது செக்கனுக்கு 3200 மில்லியன் இடமாற்றங்கள் என்பதாகும். துடிப்பொன்றுக்கு இரண்டு இடமாற்றங்கள் நிகழ்வதால் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹேர்ட்ஸ். ஓர் இடமாற்றத்தில் 8 பைற்று செல்லும். எனவே 3200 × 8 = 25 600; அதாவது செக்கனுக்கு 25.6 கிகாபைற்று.

இதன் காத்திருப்பு 16 துடிப்புகள் எனின், 16 ÷ 1600 மெகாஹேர்ட்ஸ் = 10 நனோசெக்கன். இதற்குப் பதிலாக டி.டி.ஆர்.4-3600 வகையை 18 துடிப்புக் காத்திருப்புடன் இயக்கினால், 18 ÷ 1800 மெகாஹேர்ட்ஸ் = 10 நனோசெக்கன்.

பெட்டியிலுள்ள எண் 3200 இலிருந்து 3600 ஆகக் கூடியது. அனுப்பும் அளவும் 28.8 கிகாபைற்று ஆகக் கூடியது. ஆனால் காத்திருக்கும் நேரம் சிறிதும் குறையவில்லை. குழாயைப் பெரிதாக்கினால் வாளி விரைவில் நிரம்பும்; திறந்தபின் முதற் துளி வந்துசேரும் நேரம் மாறாதிருக்கலாம். இதுவும் அவ்வாறானதே.

மேலும், ஒரே அளவான இரண்டு நினைவக அட்டைகளைத் தாய்ப்பலகையின் உரிய இரண்டு பொருத்துவாய்களில் இட்டால் இரண்டு வழிகளிலும் ஒரே வேளையில் தரவு செல்லும். கொள்கையளவில் அனுப்பும் அளவு இரட்டிப்பாகும். எந்த மிகைவேக இயக்கமும் இதற்குத் தேவையில்லை.

6. உண்மையான நன்மை எவ்வளவு?

ஒரு வேலை முழுவதற்கும் 100 செக்கன் எடுக்கின்றது எனக் கொள்வோம். அதில் முறைவழியாக்கி வேலை செய்யும் நேரம் 40 செக்கன். வன்தட்டிலிருந்து தரவு வரும்வரை காத்திருக்கும் நேரம் 60 செக்கன்.

முறைவழியாக்கியின் வேகத்தை 20 சதவீதத்தாற் கூட்டினால்:
40 ÷ 1.2 = 33.3; மொத்த நேரம் = 33.3 + 60 = 93.3 செக்கன்.

வன்தட்டுக்குப் பதிலாக 5 மடங்கு வேகமான திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால்:
60 ÷ 5 = 12; மொத்த நேரம் = 40 + 12 = 52 செக்கன்.

முதலாவது வழியில் 52 சதவீத வலுவைக் கூடுதலாகச் செலவழித்து 7 சதவீத நேரம்கூட மிச்சமாகவில்லை. இரண்டாவது வழியில் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்துவதால் வரும் முழு நன்மை, அப்பகுதி எடுத்துக்கொள்ளும் நேரப் பங்கினால் வரையறுக்கப்படும். இக்கருத்தைக் கணினி அறிஞர் ஜீன் அம்டால் 1967 இல் முன்வைத்தார். இது அவர் பெயராலேயே அம்டாலின் விதி எனப்படுகின்றது.

7. சத்தமின்றி வரும் பிழை

கணினி திடீரென நின்றுவிட்டால் ஏதோ கோளாறு என்று அறிகிறோம். அதைவிட ஆபத்தானது நிற்காமலே பிழைவிடும் கணினியாகும். சொல்வதெழுதலிற் பிழையாக எழுதிய மாணவன் அமைதியாக இருந்துவிடுவதைப் போன்றது இது. நினைவகத்தில் ஒரு பிற் மாறினால், அது எவருக்கும் தெரியாமற் கோப்பிற் பதியப்படலாம். விரிதாளில் ஓர் எண் மாறியிருக்கும். செயற்றிட்ட அறிக்கையிலுள்ள படம் திறக்க மறுக்கும். பிழையான கோப்பையே பேனாச் சேமிப்பகத்திலும் பிரதி செய்து வைத்திருப்பீர்கள். ஒப்படைக்கும் நாளிலேயே அது தெரியவரும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் மென்பொருட் பொறியியலாளர் றேமண்ட் சென் 2005 இல் ஒரு விடயத்தை எழுதினார். செய்நிரல்கள் நிலைகுலைந்தமை பற்றிப் பாவனையாளரிடமிருந்து வந்த அறிக்கைகள் சிலவற்றுக்கு எந்த விளக்கமும் காணமுடியவில்லை. பதிவகமொன்றைப் பூச்சியமாக்கும் மிக எளிய அறிவுறுத்தலிற்கூட செய்நிரல் விழுந்திருந்தது. விசாரித்தபோது அக்கணினிகள் பல மிகைவேகத்தில் இயங்கியமை தெரியவந்தது. அவர்களுட் சிலருக்குத் தமது கணினி அவ்வாறு மாற்றப்பட்டது என்பதே தெரியாது. கடைக்காரர் வேகத்தைக் கூட்டி, வேகமான கணினி என்று விற்றிருந்தனர்.

ஏறத்தாழ 10 இலட்சம் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்த மைக்ரோசொவ்ற் ஆய்வாளர்களும் 2011 இல் இதனை உறுதிப்படுத்தினர். மிகைவேகத்தில் இயங்கியவை கூடுதலாகப் பழுதுற்றன. குறிப்பிட்ட வேகத்திலும் குறைத்து இயக்கப்பட்டவை குறைவாகவே பழுதுற்றன.

எனவே கணினி வாங்கும்போது, முறைவழியாக்கியின் மாதிரி எண்ணையும் அதற்கு உற்பத்தியாளர் குறித்த வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் வாயாற் சொல்லும் வேகம் போதாது.

8. இன்றைய நிலை

முன்னர் பாவனையாளர் தேடிச் செலவழித்த இடைவெளியை இன்று முறைவழியாக்கியே அளந்து பயன்படுத்துகின்றது. 2008 இல் இன்ரெல் கோர் ஐ7 வகையில் 'ரேபோ பூஸ்ற்' வசதி அறிமுகமாயிற்று. வெப்பநிலையும் வலுவும் அனுமதிக்கும்போது வேகம் தானாகக் கூடும். வேலை குறைந்ததும் தானாகக் குறையும். 2010 இல் ஏ.எம்.டி. நிறுவனமும் இவ்வாறான வசதியைக் கொண்டுவந்தது. ஆகவே கையால் வேகத்தைக் கூட்டுவதால் இன்று கிடைக்கும் மேலதிக நன்மை 1998 இல் இருந்ததைவிட மிகக் குறைவு.

வோல்ற்றளவு எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. இன்ரெல் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகள் சில காலப்போக்கில் உறுதியற்று இயங்கின. அளவுக்கு மீறிய வோல்ற்றளவு இதற்குக் காரணமென 2024 இல் அந்நிறுவனமே அறிவித்து, திருத்தத்தை வெளியிட்டதுடன் உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகளால் நீடித்தது.

9. செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

(1) வீட்டிலுள்ள ஒரே கணினியிற் பரிசோதனை செய்யாதீர்கள். பழைய, மேலதிகக் கணினி இருப்பின் அதிற் பழகலாம்.
(2) முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்திற் பிரதி செய்து வைக்கவும்.
(3) உத்தரவாதப் பத்திரத்தை வாசிக்கவும். மிகைவேக இயக்கத்தால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம்.
(4) வேகத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளவும். வோல்ற்றளவைக் கூடியவரை தொடாதிருக்கவும்.
(5) 'மெம்ரெஸ்ற்86' போன்ற செய்நிரலால் நினைவகத்தையும், 'பிறைம்95' போன்றவற்றால் முறைவழியாக்கியையும் பல மணிநேரம் சோதிக்கவும். பெற்ற விடை சரியானதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதால் சத்தமற்ற பிழைகளையும் இவை பிடிக்கக்கூடும்.
(6) மாற்றத்தின்பின் கணினி தொடங்காவிடின், மேசைக் கணினியின் மின்னிணைப்பைக் கழற்றியபின், தாய்ப்பலகைக் கைநூலிற் கூறியவாறு அமைப்புகளை மீளமைக்கவும். பல தாய்ப்பலகைகளில் நாணய வடிவ மின்கலத்தைச் சிறிது நேரம் அகற்றினாற் பழைய அமைப்புத் திரும்பும்.

இவை எவையும் செய்யாமலே கணினியை வேகப்படுத்தும் வழிகளும் உண்டு: குளிராக்கியின் தூசியை அகற்றுதல், தேவையற்ற தொடக்கச் செய்நிரல்களை நிறுத்துதல், நினைவகத்தின் கொள்ளளவைக் கூட்டுதல், வன்தட்டைத் திண்மநிலைச் சேமிப்பகமாக மாற்றுதல். இவற்றால் எந்தப் பாதுகாப்பு இடைவெளியும் குறைவதில்லை.

மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: முறைவழியாக்கியில் உற்பத்தியாளர் பாதுகாப்பு இடைவெளி விடுவது ஏன்?
விடை: அறை வெப்பநிலை, தூசி, மின்வழங்கல் ஏற்றத்தாழ்வு, நெடுங்காலத் தேய்வு ஆகியன இருந்தபோதிலும் பிழையின்றி இயங்குவதை உறுதிப்படுத்துவதற்காக.

வினா 2: மீடிறன் 10 சதவீதத்தாலும் வோல்ற்றளவு 5 சதவீதத்தாலும் கூட்டப்பட்டால் ஆளியிடும் வலு எத்தனை சதவீதத்தாற் கூடும்?
விடை: 1.1 × 1.05 × 1.05 = 1.213, ஏறத்தாழ 21 சதவீதம்.

வினா 3: 50 செக்கன் எடுக்கும் வேலையொன்றில் முறைவழியாக்கிக்குரிய நேரம் 20 செக்கன். அதன் வேகம் 25 சதவீதத்தாற் கூடினால் மொத்த நேரம் யாது?
விடை: 20 ÷ 1.25 = 16; மொத்தம் 16 + 30 = 46 செக்கன். மிச்சமாவது 8 சதவீதம் மட்டுமே.

வினா 4: "நின்றுவிடும் கணினியிலும் பார்க்கப் பிழைவிட்டு இயங்கும் கணினி ஆபத்தானது." விளக்குக.
விடைக் குறிப்பு: நின்றுவிட்டால் பாவனையாளர் உடனே அறிவார், பழுதைத் தேடுவார். பிழைவிட்டு இயங்கினால் தவறான தரவு கோப்பிற் பதியும். அதன் பிரதிகளும் தவறாகும். திருத்தும் காலம் கடந்தபின்பே தெரியவரும். உரிய உதாரணம் ஒன்று தருக.